ஒரே குழாயில் இரண்டு பேர்

— கையை நீட்டுக்கா. இன்னொரு தடவை எடுக்கணும்.

— அடியே, முந்தாநாள்தானே எடுத்துட்டுப் போனே? என் ரத்தத்தை என்ன, கடை போட்டு விக்கறியா?

— வித்தா, வாங்கினவன் திருப்பிக் கொண்டுவந்து குடுத்துடுவான். அப்படி இருக்கு உன் ரத்தம். நீட்டு.

— கூடப்பிறந்த தங்கச்சி பேசற பேச்சா இது? காலங்காத்தால கதவைத் தட்டினே. வா, உட்காருன்னு சொல்லக்கூட விடாம நேரா ஊசியைத் தூக்கறே. குட்டி உனக்கு ஊசிச் சித்தின்னு பேர் வச்சது சரியாத்தான் இருக்கு.

— அக்கா.

— என்ன?

— அவ பேச்சைச் சிரிச்சுக்கிட்டே எடுக்கறே. மழைக்காலம் முழுக்க, அவளைப் பத்தி யாராவது வாயைத் திறந்தாலே எழுந்து உள்ளே போயிடுவே.

— எத்தனை நாள்தான் அழறது? கண்ணுல தண்ணி வத்திப்போச்சு. பொண்ணைப் பறிகொடுத்தவ சிரிச்சா தப்பா? உனக்கு நரம்பு கிடைச்சுதா, இல்லையா?

— கிடைச்சுது. விரலை மடக்கு. இரு, இரு. நகத்துல என்ன இது?

— எது?

— கறுப்புக் கோடு. மையா?

— கதவுல நசுக்கிக்கிட்டேன்.

— எல்லா விரலையுமா? ஒவ்வொண்ணா வரிசையா வச்சு நசுக்கிக்கிட்டியா?

— என்னமோ போ. வயசாகுது, நகம் கறுக்குது. ஊசியை எடுடி முதல்ல, வலிக்குது.

— எடுத்தாச்சு. பஞ்சை அழுத்திப் பிடி. அக்கா, இந்தக் கோட்டை நான் பார்த்திருக்கேன். நீயும்தான். குட்டி இதுக்காகவே எப்பவும் நகச்சாயம் பூசிக்கிட்டுத் திரிவா.

— அவ ஸ்டைலுக்குப் பூசினா.

— மறைக்கறதுக்குப் பூசினா. நான் சொல்றதை இப்பக் கொஞ்சம் பொறுமையாக் கேளு. உன் ரத்தத்தை எங்க லேப் மெஷின்ல போட்டேன். சிவப்பணுவோட சராசரி அளவு ஒழுங்கா வந்துச்சு. சின்னதும் இல்ல, பெருசும் இல்ல.

— நல்லதுதானே? எத்தனை வருஷமா அணு சின்னதா இருக்கு, இரும்புச் சத்து இல்லைன்னு என்னைத் திட்டிக்கிட்டு இருந்தே. மாத்திரை போட்டேன், சரியாயிடுச்சு. அதுக்கு ஏன் துக்கம் விசாரிக்க வந்தவ மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு இருக்கே?

— சொல்றேன்ல. வெள்ளையணு குறைஞ்சிருந்துச்சு. டாக்டருக்கு அது உறுத்திச்சு. ஒரு சொட்டைக் கண்ணாடியில தேச்சு மைக்ராஸ்கோப்ல வைன்னார். வச்சோம். பாதி அணு சின்னச் சின்னதா, வெளிறிப்போய். அது நீ. இரும்பு பத்தாத உன் பழைய ரத்தம், எனக்குப் பழக்கமான ரத்தம். மீதிப் பாதி ஊதின மாதிரி பெருசு பெருசா. சின்னதையும் பெருசையும் சேர்த்துக் கணக்குப் போட்டதால, மெஷினுக்குச் சராசரி ஒழுங்காத் தெரிஞ்சிருக்கு.

— புரியலை.

— ஒரே குழாயில ரெண்டு பேர் ரத்தம் இருந்த மாதிரி இருந்துச்சுக்கா. “குழாயை மாத்திட்டியாம்மா, இன்னொருத்தர் ரத்தம் கலந்துடுச்சா?”ன்னு டாக்டரே கேட்டார். நான் மாத்தலை. என் கையால எடுத்து, என் கையால உன் பேரை ஒட்டினேன்.

— ரெண்டு பேரா?

— ஏன் சிரிக்கறே?

— யாரு சிரிச்சா?

— இப்ப சிரிச்சே.

— உனக்குத் தூக்கம் பத்தலை. டீ போடட்டுமா?

— உட்காரு. அந்த ஊதின அணுவை நான் மாசாமாசம் பார்த்தவ. குட்டியோட ரத்தத்துல. அவளுக்கு எலும்புக்குள்ள ரத்தம் அளவுக்கு மீறி ஊறிச்சு. அதை அடக்கத்தான் அவளுக்குத் தினமும் அந்த மாத்திரை. அதைப் போட்டா நகத்துல கறுப்புக் கோடு விழும், புதுசா வர்ற அணு பெருசாத்தான் வரும். “ஒழுங்கா முழுங்கறியாடி?”ன்னு அவளை நான் கேட்டதே இல்லை. அணுவோட அளவைப் பார்ப்பேன். நாலு நாள் ஏமாத்தலாம், நாலு மாசம் ஏமாத்த முடியாது. அவ முகத்தைப் பார்த்ததைவிட அவ ரத்தத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கேன். அதே ரத்தம் இப்ப உன் கையிலிருந்து வருது.

— ரத்தம் நின்னுடுச்சு, பஞ்சை எடுத்துடவா?

— பேச்சை மாத்தாதே அக்கா. அந்த மாத்திரையை நீ சாப்பிடறியா?

— மெதுவாப் பேசு. அவர் பால் வாங்கத்தான் போயிருக்கார். வந்துடுவார்.

— அத்தானுக்குத் தெரியாதா?

— அவர்தான்டி குடுக்கறார்.

— என்னது?

— கத்தாதேன்னு சொன்னேன்ல. உனக்கு ஞாபகம் இருக்கா, குட்டி இருந்தப்ப காலையில அந்த மேம்பாலத்து ரயில் போனதும் அவர்தான் அவ ரூம் கதவைத் தட்டுவார். ஒரு கையில வெந்நீர், ஒரு கையில மாத்திரை. ரயில்ல கார்டா இருந்த மனுஷன், எல்லாம் ரயில் நேரத்துக்குத்தான். இப்பவும் அப்படித்தான். ரயில் சத்தம் கேட்டா ஆள் மாறிடுவார். கண்ணு வேற மாதிரி ஆயிடும். என்னைப் பார்த்து “குட்டி, வாயைத் திற”ம்பார்.

— உன்னையா?

— என்னைத்தான். நான் அவர் கண்ணுக்குக் குட்டி. மாத்திரை உள்ளே போயிடுச்சுன்னா சரியாயிடுவார். பேப்பர் எடுத்து விரிச்சுக்கிட்டு, இன்னைக்கு வெயில் எப்படின்னு என்கிட்டயே கேப்பார். காலையில அந்தக் கொஞ்ச நேரம்தான். அதுக்குப்போய் ஊரைக் கூட்டச் சொல்றியா?

— நான் போன்ல பேசறப்பல்லாம் தெளிவாத்தானே இருக்கார்?

— நீ காலையில பேசறதில்லையே.

— வேணாம்னு சொல்லிப் பார்த்தியா?

— ஒரு நாள் சொன்னேன். அவ்வளவுதான், அவ செத்தது அன்னைக்குத்தான் நடந்த மாதிரி ஒரு கதறல். வீடே அதிர்ந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கதவைத் தட்டினாங்க. சமாதானப்படுத்திச் சமாதானப்படுத்தி எனக்குத் தொண்டையே கட்டிப்போச்சு. அன்னையிலேர்ந்து வாயைத் திறந்துடுவேன். மத்ததெல்லாம் எனக்கே சரியா ஞாபகம் இருக்காது. கையில காலி டம்ளர் இருக்கும், நாக்குல கசப்பு இருக்கும். முடிஞ்சுது.

— அந்த மனுஷனுக்காக நீ சாகப் போறியா?

— ஒரு மாத்திரைல எவடி செத்தா?

— அது நாங்க கையுறை போட்டுக்கிட்டுத் தொடற மாத்திரை. அவளுக்கு ஊறினதை அடக்கிச்சு. உனக்கு ஊறாததையே அடக்குது. ராத்திரி நீ முழுங்கற இரும்பு மாத்திரை என்ன ஆகுதுன்னு நினைக்கறே? வந்து குவியுது. அதை எடுத்து அணு செய்யற இடத்தை இந்த மாத்திரை கட்டிப்போட்டிருக்கு. மூட்டை மூட்டையா அரிசி வந்து இறங்குது, அடுப்பு எரியலை, அப்படி. இதோட வெள்ளையணு வேற குறைஞ்சுக்கிட்டு வருது. சாதாரணக் காய்ச்சல் ஒண்ணு போதும், உன்னைத் தூக்கிட்டுப் போக.

— போனா போறேன்.

— அக்கா!

— அவர் ஏன் இப்படி ஆனார்னு தெரியுமா உனக்கு? அவ போன அன்னைக்குக் காலையில மாத்திரை குடுக்க மறந்துட்டார். அந்த ஒரு நாள்தான். சாயங்காலம் தலை வலிக்குதுன்னா, ராத்திரி இல்லை. அந்த மறந்த மாத்திரையைத்தான் அவர் தினமும் குடுத்துக்கிட்டு இருக்கார். நான் எப்படிடி வாயை மூடுவேன்?

— ஒரு நாள் விட்டதால யாரும் சாக மாட்டாங்க. அவளுக்கு மூளையில அடைச்சது, அது மாத்திரையையும் மீறி வந்தது. டாக்டர் எத்தனை தடவை சொன்னார்!

— டாக்டர் சொன்னா மனசு கேட்டுக்குதா?

— சரி. இரு. இப்படிப் பண்ணலாம். டப்பா எங்கே?

— அவ ரூம்ல, ஜன்னல் பக்கத்துல. எதுக்கு?

— அது கூடு மாத்திரை. திருகினா ரெண்டாப் பிரியும். உள்ளே இருக்கற மருந்தைக் கொட்டிட்டுச் சர்க்கரையை அடைச்சுடறேன். அவர் பாட்டுக்குக் குடுக்கட்டும், நீ பாட்டுக்கு முழுங்கு. யாருக்கும் எதுவும் தெரியாது. அப்புறம் அத்தானை ஒரு மனநல டாக்டர்கிட்ட மெதுவா அழைச்சுட்டுப் போகலாம்.

— கண்டுபிடிச்சுட்டா?

— வெளியே அதே கூடு, அதே நிறம். கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

— என்னமோ பண்ணு. நான் குளிச்சுட்டு வந்துடறேன். ரயில் வர்ற நேரமாச்சு.

— அக்கா.

— என்னடி?

— மறுபடியும் சிரிக்கறே.

— போடி, பைத்தியக்காரி.

*

— அந்த டப்பாவுல என்ன பண்றே ஊசி?

— ஐயோ! அத்தான்! நீங்களா? பயந்தே போயிட்டேன்.

— என் வீட்டுக்குள்ள நான் விசில் ஊதிக்கிட்டா வர முடியும்? என்ன கையுறை, ஆபரேஷனா?

— ஒண்ணுமில்லை. சும்மா... குட்டியோட மாத்திரை தீர்ந்துபோச்சான்னு பார்த்தேன்.

— யாரோட மாத்திரை?

— குட்டிக்குத்தான் அத்தான். காலையில குடுப்பீங்களே. அவ நல்லாருக்காளா? ஒழுங்கா முழுங்கறாளா?

— ஊசி, உட்காரும்மா. இந்தத் தண்ணியைக் குடி. உனக்கு என்னாச்சு? குட்டி செத்து ஒரு மழைக்காலமே போயிடுச்சே.

— அத்தான்... உங்களுக்குத் தெரியுமா?

— தோள் குடுத்துத் தூக்கினவன்கிட்ட, தெரியுமான்னு கேக்கறியே.

— அப்ப எதுக்கு அக்காவுக்கு இந்த மாத்திரையைக் குடுக்கறீங்க? அவளைக் குட்டின்னு நினைச்சுக்கிட்டு, வாயைத் திற, திறன்னு...

— நானா? அப்படியா சொன்னா?

— இப்பதான் சொன்னா. ரயில் போனா நீங்க ஆள் மாறிடறீங்களாம்.

— அது சரி. சிக்னல் மாறினது எந்தப் பக்கம்னு அவளுக்கே தெரியலை, பாவம். கதவைச் சாத்து. குளிச்சுக்கிட்டுதானே இருக்கா? தண்ணி சத்தம் கேக்குதா?

— கேக்குது.

— நான் குடுக்கலைம்மா. அவ கேக்கறா. ரயில் போனதும் “அப்பா, மாத்திரை”ன்னு வந்து நிப்பா. குட்டியோட குரல்ல. அதே இழுப்பு, அதே சலிப்பு. முதல் நாள் கேட்டப்ப கையிலிருந்த சாவி கீழே விழுந்துடுச்சு எனக்கு. திரும்பிப் பார்த்தா உங்கக்கா நிக்கறா. ஆனா உங்கக்கா இல்லை. நிக்கறதுகூட அவளை மாதிரி, ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால் மேல வச்சுக்கிட்டு.

— இல்லை அத்தான். அவ சொன்னது வேற. நீங்கதான் கதறினீங்கன்னா. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கதவைத் தட்டினாங்கன்னா.

— தட்டினாங்க. நான்தான் கதவைத் திறந்தேன். உள்ளே கதறினது யாருன்னு அவங்ககிட்டயே கேளு. அன்னைக்கு நான் மாத்திரை இல்லைன்னு சொல்லிட்டேன். “நீங்களும் மறந்துட்டீங்களாப்பா? அம்மா மறந்த மாதிரி நீங்களும் மறந்து என்னைக் கொன்னுடுவீங்களா?”ன்னு தரையில உருண்டா. ரெண்டு நாள் தொண்டை கட்டிக்கிச்சு அவளுக்கு.

— அம்மா மறந்த மாதிரியா?

— குட்டி போன அன்னைக்கு நான் ஊர்லயே இல்லை ஊசி. பழைய சிநேகிதன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாத்திரை குடுக்கற வேலையை உங்கக்காகிட்டதான் ஒப்படைச்சுட்டுப் போனேன். அவ மறந்துட்டா. நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கணுமோ என்னமோ.

— நீங்க மறந்துட்டீங்கன்னு சொன்னாளே!

— சொல்லட்டும். எங்கேயாவது இறக்கி வைக்கணும்ல, அந்தப் பாரத்தை.

— எனக்குத் தலை சுத்துது. அவ சொல்றதை நம்பறதா, நீங்க சொல்றதை நம்பறதா? ரெண்டு பேருமே நல்ல தெளிவாத்தான் பேசறீங்க.

— ரயில் போகட்டும். நீயே பார்த்துக்கோ.

— யார் சொல்றது நிஜமா இருந்தா என்ன, மாத்திரை அவ வயித்துக்குள்ளதானே போகுது! அவ ரத்தத்தைப் பார்த்தேன் அத்தான். பாதியை இது தின்னுடுச்சு. இரும்பு ஏற ஏற வீணாப் போகுது. இப்படியே விட்டா அக்காவையும் தூக்கிக் குடுத்துடுவோம். இவ்வளவு தெளிவா இருக்கீங்க, வேற எதையாவது குடுத்து ஏமாத்தத் தோணலையா உங்களுக்கு?

— தோணுச்சு. அவளோட இரும்பு மாத்திரையையே எடுத்து நீட்டினேன். கையில வாங்கிப் பார்த்தா. “அப்பா, இது அம்மாவோடது. அம்மாவோடதை நான் தின்னா அவளுக்கு இருக்காது”ன்னு திருப்பிக் குடுத்துட்டா. ராத்திரி அதே மாத்திரையை உங்கக்காவா வந்து முழுங்கினா. என் கண்ணு முன்னாடி.

— இதைப் பாருங்க. இது குட்டியோட மாத்திரைதான். அதே கூடு, உள்ளே மட்டும் சர்க்கரை. மத்ததையெல்லாம் நான் எடுத்துட்டுப் போறேன், நாளைக்கு எல்லாத்துலயும் சர்க்கரை போட்டுக் கொண்டுவர்றேன். கொஞ்சம் கொஞ்சமா அந்த ஊதின அணுவெல்லாம் செத்துப்போகும், அவளோடது மட்டும் வரும்.

— செத்துப்போகுமா?

— எல்லா அணுவும் ஒரு நாள் சாகறதுதானே அத்தான். அதுவா கழிஞ்சு போகும்.

— குழாயில ரெண்டு பேர் இருந்த மாதிரி இருந்துச்சுன்னு சொன்னியே. பால் வாங்கக் கிளம்பினப்ப, நீ உள்ளே பேசினது வாசல் வரைக்கும் கேட்டுச்சு.

— ஆமா, பார்க்கறதுக்கு அப்படித்தான் இருந்துச்சு.

— இனிமே ஒருத்திதான் இருப்பா.

— என்ன பேசறீங்க?

— மருந்துக் கடைக்காரர் என்னைக் கேட்டார், “சார், பாப்பா போனப்புறம் இது யாருக்கு?”ன்னு. வேற ஊர்ல ஒரு சொந்தக்காரருக்குன்னு பொய் சொன்னேன். கடைக்காரர்கிட்ட பொய் சொல்றப்பவே தெரியும் எனக்கு, நான் பண்றது தப்புன்னு. ஆனா ஊசி, தினமும் காலையில கொஞ்ச நேரம் என் பொண்ணு என்கிட்ட பேசறா. சட்டையை ஏன் மடிச்சு வைக்கலைன்னு கேக்கறா. ஒரு நாள் என் நரைமுடியைப் பிடிச்சு இழுத்தா. செத்தவங்க திரும்பி வந்து அப்பான்னு கூப்பிட்டா, நீ கதவைச் சாத்துவியா?

— உயிரோட இருக்கறவ செத்துக்கிட்டு இருக்கா அத்தான்.

— தெரியுதும்மா.

— உங்களுக்கு மூச்சு முட்டினா யாரு ஓடிவருவா? குட்டியா? எத்தனை வருஷம், நைட் டியூட்டி முடிச்சு வர்றப்பல்லாம் வாசல்ல உட்கார்ந்திருந்தவ யாரு?

— அவதான்.

— அப்ப இதை அவளுக்குக் குடுங்க. நான் குடுத்தா வாங்க மாட்டா.

— இதுல சர்க்கரைன்னு தெரிஞ்சா?

— தெரியாது.

— மாத்திரை வேலை செய்யலைன்னு அவளுக்குத் தெரிஞ்சுடும் ஊசி. குட்டி வராமப் போயிடுவா.

— வர வேணாம் அத்தான். போகட்டும். போன பொண்ணைப் போக விடுங்க.

— குடு. அழாதே, குடு. நானே குடுக்கறேன். வெந்நீர் அந்த ஃப்ளாஸ்க்ல இருக்கு, டம்ளர்ல ஊத்து. பாதி போதும், அவளுக்குப் பாதிதான் பழக்கம்.

— அத்தான், உங்களால குடுக்க முடியுமா?

— முப்பது வருஷம் கொடி காட்டின கை. நடுங்காது. அதோ, கேக்குதா?

— ரயிலா?

— ரயில்தான். பாலத்து மேல ஏறிடுச்சு.

— தண்ணி சத்தம் நின்னுடுச்சு.

— இந்தப் பக்கம் வந்து நில்லு. அக்கான்னு கூப்பிட்டுடாதே. ஒரு தடவை நான் உங்கக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும், தான் யாருன்னு அவளுக்கே தெரியாம ரொம்ப நேரம் முழிச்சுக்கிட்டு நின்னா.

— எனக்குப் பயமா இருக்கு. நீங்க பொய் சொல்லியிருந்தா நல்லாருக்கும்னு இருக்கு.

— எனக்கும்தான். கதவு திறக்குது பாரு.

— தலையைத் துவட்டிக்கிட்டு வர்றா. அக்காதான் அத்தான். அக்கா மாதிரிதான் நடக்கறா. பாருங்க, அக்காவேதான்...

— அப்பா, ரயில் போயிடுச்சு, மாத்திரை எங்கே? ஐ, ஊசிச் சித்தி! நீங்க எப்ப வந்தீங்க? அம்மாவைப் பார்த்தீங்களா, காலையிலேர்ந்து காணோம்?